அமெரிக்க நிரந்தர வசிப்புரிமைக்கான மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசிகளும்

அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையை, பேச்சுவழக்கில் கிரீன் கார்டை, கோரும் ஒவ்வொருவரும் அந்நாட்டு அரசு நியமித்த மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். வயதுக்கு உரிய தடுப்பூசிகள் போட்டுக்கொண்டதற்குச் சான்றும் காட்ட வேண்டும். இதற்கு அடிப்படை, குடிவரவு மற்றும் தேசியச் சட்டத்தின் 212ஆம் பிரிவு. யாரையெல்லாம் நாட்டுக்குள் அனுமதிக்கலாகாது என்று வரையறுக்கும் அந்த நீண்ட பிரிவு உடல்நலத்தில்தான் தொடங்குகிறது. அது சொல்லும் காரணங்கள் நான்கு: பொதுச் சுகாதாரத்துக்குக் கேடான தொற்றுநோய், தடுப்பூசிச் சான்று இல்லாமை, தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நடத்தையோடு கூடிய உடல் அல்லது மனக் கோளாறு, போதைப்பொருள் பழக்கம்.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, புற்றுநோய், இதயத்தில் வைத்த ஸ்டென்ட் எதுவும் இந்த நான்கில் இல்லை. அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் முதலில் அஞ்சுவது இவற்றுக்குத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய நிலைகளை மருத்துவர் படிவத்தில் குறித்துவைப்பார். அதனால் மட்டும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது. வந்தவர் அரசின் உதவியை நம்பிப் பிழைக்க நேருமா என்று அதிகாரி தனியே எடைபோடுவது உண்டு. அந்தக் கணக்கில் வயது, வருமானம், படிப்பு ஆகியவற்றோடு உடல்நிலையும் சேரும். ஆனால் அது வேறு கேள்வி. பரிசோதனைக்கென்று உள்ள கேள்வி, இவரால் தமக்கோ மற்றவருக்கோ ஆபத்து வருமா என்பது மட்டுமே. இந்தக் கேள்விக்கான விடை காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்பதே இப்பரிசோதனையின் வரலாறு. அறிவியல் வளர்ந்ததால் மாறியதும் உண்டு, அச்சத்தால் மாறியதும் உண்டு.

சுண்ணக்கட்டியில் தொடங்கியது

1891ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அருவருப்பான அல்லது ஆபத்தான தொற்றுநோய் உடையவர்களைத் தடுத்தது. வந்திறங்கும் அனைவரையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்றும் விதித்தது. மறுவருடம், 1892 ஜனவரி 1 அன்று, நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் அதன் வழியே கடந்தார்கள். மூட்டை முடிச்சோடு வரிசையில் நடந்து வருபவரைச் சீருடை அணிந்த மருத்துவர் சில நொடிகள் உற்றுப் பார்ப்பார். ஐயம் எழுந்தால் சட்டையின் மேல் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து விழும். கண்ணுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, நொண்டலுக்கு ஒன்று, மனநிலையில் சந்தேகம் என்றால் ஒரு பெருக்கல் குறி. ட்ரக்கோமா என்னும் கண்நோயைத் தேட, பொத்தான் மாட்டும் கொக்கியால் இமையைப் புரட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மொத்தத்தில் சுமார் 2 விழுக்காட்டினரே. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டும் அந்த இரண்டில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விழுக்காடு காட்டாது.

மேற்குக் கரையில் ஆசியர்கள் வந்திறங்கிய ஏஞ்சல் தீவு (1910 முதல் 1940 வரை) இன்னும் கடுமையானது. அங்கே மலத்தைச் சோதித்துக் கொக்கிப்புழு தேடினார்கள். இந்தியாவிலிருந்து சென்றவர்களும் அந்தப் புழுவைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்டார்கள். அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமங்களிலும் கொக்கிப்புழு மலிந்திருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே புழு உள்ளூர்க்காரர் வயிற்றில் சுகாதாரப் பிரச்சினையாகவும், ஆசியர் வயிற்றில் நுழைவுத் தடையாகவும் இருந்தது.

நோயாளியை ஏற்றிவந்த கப்பல் நிறுவனத்துக்கு 100 டாலர் அபராதம் என்று 1903ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதும், நிறுவனங்கள் கப்பல் ஏறும் துறைமுகத்திலேயே பயணிகளைச் சோதிக்கத் தொடங்கின. 1920களில் விசா முறை வந்தபோது அந்த வேலை தூதரகங்களின் பொறுப்புக்குப் போனது. ஊரிலேயே சோதனையை முடித்துக்கொண்டு விமானம் ஏறும் இன்றைய ஏற்பாட்டுக்கு வேர் அங்கே இருக்கிறது.

பட்டியலிலிருந்து நீங்கியவை

வலிப்பு நோய் உள்ளவர்களை 1965 வரை சட்டம் பெயர் சொல்லியே தடுத்தது. ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களை மனக்கோளாறு என்ற தலைப்பில் ஒதுக்கிய விதி 1990ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒழிந்தது. எச்ஐவி தொற்றின் கதை அண்மையது. 1987இல் அது தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1993இல் நாடாளுமன்றம் அதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. இந்தத் தடையால் 1992ஆம் ஆண்டு அனைத்துலக எய்ட்ஸ் மாநாடு பாஸ்டனை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு மாறிப்போனது. 2010 ஜனவரி 4 அன்று தடை நீங்கியபின், 2012இல்தான் மாநாடு மீண்டும் அமெரிக்க மண்ணில், வாஷிங்டனில் கூடியது. எச்ஐவி காற்றிலோ கைகுலுக்கலிலோ பரவாது என்பது தடை நீடித்த ஆண்டுகள் முழுக்கத் தெரிந்த உண்மை. சட்டம் அதை ஏற்க 22 ஆண்டுகள் ஆயின.

2016இல் அரிதான மூன்று பால்வினை நோய்களும் பட்டியலை விட்டு நீங்கின. இன்று விண்ணப்பதாரர்களை வழக்கமாகச் சோதிக்கும் தொற்றுநோய்கள் நான்கு: காசநோய், மேகப்புண் எனப்படும் சிபிலிஸ், வெட்டை நோய், தொழுநோய். பரவும் நிலையில் இருந்தால் மட்டுமே தடை; சிகிச்சை பெற்றால் தடை விலகும்.

காசநோய்ச் சோதனை

நான்கில் தமிழர்களை, பொதுவாக இந்தியர்களை, மிகவும் அலைக்கழிப்பது காசநோய்ச் சோதனை. இந்தியாவில் பிறந்த பெரும்பாலோரின் இடது மேற்கையில், காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியின் வட்டத் தழும்பு இருக்கும். முன்பு அமெரிக்காவில் தோலுக்கடியில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளக்கும் முறை இருந்தது. பிசிஜி போட்டவர்களுக்கு நோய்க்கிருமி இல்லாமலே அந்த இடம் வீங்கலாம். இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனைக்கு இந்தக் குறை இல்லை. 2018 அக்டோபர் முதல், அமெரிக்காவுக்குள் விண்ணப்பிக்கும் 2 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் இந்த இரத்தச் சோதனைதான் விதி. ஆய்வகத் தாளில் குவான்டிஃபெரான் அல்லது டி-ஸ்பாட் என்ற பெயரில் இருக்கும்.

இக்ரா பாசிட்டிவ் என்று வந்ததும் பலர் இடிந்துபோகிறார்கள். அவசியமில்லை. உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேரின் உடலில் காசநோய்க் கிருமி புகுந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆவோர் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. கிருமி உறங்கும் இந்த நிலை யாருக்கும் தொற்றாது. கிரீன் கார்டுக்குத் தடையும் ஆகாது. அடுத்தபடியாக மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். நுரையீரல் தெளிவாக இருந்தால் படிவத்தில் குறித்துவிட்டு, உள்ளூர் சுகாதாரத் துறைக்கும் மருத்துவர் தகவல் தெரிவிப்பார். உறங்கும் கிருமியை ஒழிக்க மாத்திரை சாப்பிடச் சொல்வது பரிந்துரை, கட்டாயம் இல்லை. ஆனாலும் சாப்பிடுவதே நல்லது. சர்க்கரை நோய் மலிந்த நம் குடும்பங்களில், உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல்.

இந்தியாவிலிருந்தே குடிவரவு விசா கேட்பவர்களுக்கு வழி சற்று வேறு. 15 வயதைத் தாண்டிய அனைவருக்கும் எக்ஸ்ரே உண்டு. அதில் பழைய வடுவோ நிழலோ தெரிந்தால் மூன்று தனித்தனி நாள்களில் சளி எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பதோடு கிருமியை வளர்த்தும் பார்ப்பார்கள். வளர்ப்புச் சோதனைக்கு 8 வாரம்வரை ஆகும். பயணச்சீட்டு எடுத்துவைத்தவர்கள் தவிப்பது இங்கேதான். முன்பு நுண்ணோக்கிச் சோதனை மட்டுமே போதும் என்றிருந்தது. 2004, 2005 வாக்கில் தாய்லாந்திலிருந்து குடியமர்த்தப்பட்ட மோங் அகதிகளிடையே, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அமெரிக்கா வந்தபின் தெரியவந்தது. அதன் பிறகே 2007இல் வளர்ப்புச் சோதனை கட்டாயமானது. எட்டு வாரக் காத்திருப்பு எரிச்சலூட்டும் என்றாலும், நோயுற்றவருக்கும் அவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் இது உண்மையான பாதுகாப்பு. நோய் உறுதியானால், மருந்தை ஒரு சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்கிச் சிகிச்சையை முடித்த பின்பே பயணம்.

தடுப்பூசிகள்

தடுப்பூசிச் சான்று கட்டாயமானது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, இளம்பிள்ளை வாதம், ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான், ஹிப் கிருமி, கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றைச் சட்டமே பெயரிட்டுச் சொல்கிறது. இவற்றோடு அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைப்பவையும் சேரும் என்றது அச்சட்டம். சிக்கல் அந்த இரண்டாம் பகுதியில் பிறந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி, குடிமக்களுக்குப் பரிந்துரையாக மட்டும் இருந்தபோதே, 2008இல் 11 முதல் 26 வயதுவரையான குடிவரவுப் பெண்களுக்குத் தன்னியல்பாகக் கட்டாயம் ஆகிவிட்டது. மூன்று தவணைக்கு 360 டாலர் அளவில் செலவு. எதிர்ப்பு எழுந்து, 2009 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. கொள்ளைநோயாகப் பரவக்கூடிய, அல்லது அமெரிக்காவில் ஒழிக்கப்பட்ட, ஒழிக்கப்பட்டுவரும் நோய்களுக்கான ஊசிகளே இனிக் கட்டாயம் என்றானது. கொரோனா ஊசி 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக இருந்து, 2025 ஜனவரி 22 முதல் கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர், எனக்கு எல்லா ஊசியும் சின்ன வயதிலேயே போட்டாகிவிட்டது என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த "எல்லாம்" வேறு பட்டியல். 1985இல் தொடங்கிய இந்தியாவின் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி இருந்தது; ருபெல்லா 2017இல்தான் சேர்ந்தது, முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் அத்திட்டத்தில் இடமே இல்லை. கல்லீரல் அழற்சி பி ஊசி 2002 வாக்கில் சோதனை முறையில் தொடங்கி, 2011 வாக்கில்தான் நாடெங்கும் பரவியது. ஆகவே 40 வயதுக்காரர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலைய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தாலும், எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி), சின்னம்மை, கல்லீரல் அழற்சி பி ஆகியவை விடுபட்டிருக்கும். வாய்மொழியாகச் சொல்வது தடுப்பூசிக்குச் சான்றாகாது. தேதியிட்ட பதிவு வேண்டும்.

பதிவு இல்லாதவர்கள் மறுபடி போட்டுக்கொள்ளலாம், அல்லது இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைச் சோதித்துக் காட்டலாம். சின்னம்மைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. நோய் வந்துபோனதை மருத்துவர் நம்பும்படி விவரித்தாலே போதும். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றி எழுந்த நினைவு நம்மில் பலருக்கு நாள் கிழமையோடு இருக்கும். அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

எல்லாத் தவணைகளையும் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். பரிசோதனை நாளில் மருத்துவ ரீதியாகப் போடக்கூடிய ஒரு தவணையைப் போட்டாலே அந்த ஊசிக்கான நிபந்தனை நிறைவேறும். அடுத்த தவணைக்கு இடைவெளி தேவை என்பதே விலக்குக்கான காரணமாகிவிடும். வயதுக்குப் பொருந்தாத ஊசிக்கும், உடல்நிலை இடம் தராத ஊசிக்கும் இதேபோல விலக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கு எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் போடமாட்டார்கள். 1957க்கு முன் பிறந்தவர்களுக்கு எம்எம்ஆர் தேவையில்லை. சளிக்காய்ச்சல் ஊசி அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மட்டுமே கேட்கப்படும். 65 வயதைக் கடந்த பெற்றோருக்கு நிமோகாக்கல் ஊசி சேரும். நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியால் ஆனவை. இக்ராவுக்கு இரத்தம் கொடுப்பதை, அந்த ஊசி போடும் நாளிலோ அதற்கு முன்போ முடித்துவிட வேண்டும். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க நேரும்.

மத நம்பிக்கையாலோ மனச்சாட்சியாலோ ஊசியை மறுப்பவர் ஐ-601 படிவத்தில் விலக்கு கேட்கலாம். ஏதோ ஓர் ஊசி பிடிக்கவில்லை என்றால் போதாது. எல்லாத் தடுப்பூசிகளையும் மறுக்கும் உறுதியான நம்பிக்கை அது என்று நிறுவ வேண்டும்.

மனநலமும் போதையும்

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது தடையல்ல. இதற்குப் பயந்து பலர் சிகிச்சையை மறைக்கிறார்கள், சிலர் நிறுத்தியே விடுகிறார்கள், இரண்டும் கேடு. கேட்கப்படுவது தீங்கான நடத்தை உண்டா, மீண்டும் நேருமா என்பதே. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானவர்கள் இந்தத் தலைப்பில்தான் மாட்டுவார்கள். மனநல நிபுணரின் மதிப்பீடு கேட்கப்படலாம். கஞ்சா பல மாநிலங்களில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் குடிவரவு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். போதைப் பழக்கம் என்று மருத்துவர் முடிவு செய்தால், 12 மாதம் விலகியிருந்து மறுபரிசோதனைக்கு வர வேண்டும்.

மருத்துவரும் படிவமும்

மாணவர் விசாவிலோ எச்-1பி வேலை விசாவிலோ செல்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை கிடையாது. அதனால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அங்கே வேலை பார்த்த பின்பு, அங்கிருந்தபடியே கிரீன் கார்டு கோரும் ஐ-485 விண்ணப்பத்தின்போதுதான் இதை முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். அமெரிக்காவுக்குள் இதைச் செய்பவரை சிவில் சர்ஜன் என்பார்கள். பெயரில் சர்ஜன் இருந்தாலும் அறுவை மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்று நான்கு ஆண்டுகள் தொழில் செய்த எந்த மருத்துவரும் விண்ணப்பித்து நியமனம் பெறலாம். வெளிநாடுகளில் தூதரகம் நியமிப்பவர் பேனல் மருத்துவர். இருவருக்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் தொழில்நுட்ப வழிகாட்டுதலே சட்டம். குடும்ப மருத்துவர் எத்தனை ஆண்டு பழக்கமானவராக இருந்தாலும் அவர் கையெழுத்து செல்லாது. கட்டணத்தை அரசு வரையறுப்பதில்லை. காப்பீடும் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனவே நாலைந்து இடங்களில் விசாரித்துப் போவது பணத்தை மிச்சப்படுத்தும்.

உள்நாட்டில் முடிவுகளை மருத்துவர் ஐ-693 படிவத்தில் எழுதி உறையில் இட்டு ஒட்டித் தருவார். பிரித்த உறையை அதிகாரிகள் ஏற்பதில்லை. தனக்கென ஒரு நகலை மருத்துவரிடமே கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். 2024 டிசம்பர் 2 முதல் இந்தப் படிவத்தை ஐ-485 உடன் சேர்த்தே அனுப்ப வேண்டும். பிறகு தருகிறேன் என்று விட்டால் விண்ணப்பமே திரும்பி வரலாம். 2025 ஜூன் 11 அன்று வந்த மாற்றத்தின்படி, எந்த விண்ணப்பத்தோடு படிவம் சென்றதோ அது நிலுவையில் உள்ளவரைதான் படிவத்துக்கு உயிர். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ திரும்பப் பெறப்பட்டாலோ, அடுத்த விண்ணப்பத்துக்கு மீண்டும் மருத்துவரிடம் போக வேண்டும். முன்பு போட்ட ஊசிகளின் பதிவு மட்டும் அப்போதும் செல்லும்.