அமெரிக்க முதியோர் இல்லங்களும் புகாரின் வரலாறும்

அமெரிக்காவில் பராமரிப்பு இல்லத்தில் விடப்பட்ட தாய் கொடுமைக்கு ஆளாகிறாளோ என்று சந்தேகித்த மகளுக்கு, 1970 வாக்கில் அதைச் சொல்லவென்று தனியாக ஓரிடம் இருக்கவில்லை. இல்ல நிர்வாகியிடம் முறையிடலாம். தாயும் அவர் பொறுப்பில்தான் இருந்தாள். மணிக்கட்டில் கன்றியிருப்பதைக் காட்டினால், கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்ற பதில் வரும். இன்னும் கேட்டால், பிடிக்காவிட்டால் அழைத்துப் போங்கள் என்பார்கள். மகள் வீடு திரும்பிய பிறகு அந்தக் கோபம் தாய்மேல் திரும்புமே என்ற பயம் பலருடைய வாயை அடைத்தது.

இல்லங்கள் பெருகியதற்கு அரசுப் பணமே பெரிய காரணம். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஏழை முதியவர்களுக்கு உதவித்தொகை தந்தது. அரசு நடத்திய ஏழையர் விடுதிகளில் இருந்தவர்களை மட்டும் விலக்கியது. முதியவர்கள் தனியார் விடுதிகளுக்கு மாறினார்கள். 1965இல் மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவ உதவித் திட்டங்கள் வந்தபின் பணம் இன்னும் தாராளமாகப் பாய்ந்தது. கண்காணிப்பு அந்த வேகத்துக்கு வளரவில்லை.

ஆர்கன்சா மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் பிரையர் 1970ஐ ஒட்டி, தான் யாரென்று சொல்லாமல் இல்லங்களில் தொண்டராக வேலை பார்த்தார். கண்டதை அவையில் பேசி, முதியோருக்கென ஒரு குழு கேட்டார், கிடைக்கவில்லை. பெட்ரோல் பங்க் ஒன்றில் டிரெய்லர் வண்டிகளை நிறுத்தி, மாணவத் தொண்டர்களைக் கொண்டு விசாரணை நடத்தினார். நாடாளுமன்றம் ஒதுக்க மறுத்த அறைக்கு அதுதான் மாற்று.

1971இல் அதிபர் நிக்சன் சீர்திருத்தத் திட்டத்தை அறிவித்தார். மறு ஆண்டே சில மாநிலங்களில் ஆம்புட்ஸ்மேன் எனும் குறைதீர்ப்பாளர் முறை சோதனையாகத் தொடங்கியது; 1978இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. இல்லத்தில் வசிப்பவரோ உறவினரோ இவரிடம் முறையிடலாம். சொன்னவர் பெயர் அவர் சம்மதமின்றி வெளியே போகாது. பழைய பயத்துக்கு இதுவே நேரான மருந்து. ஆனால் இவருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. பேசித் தீர்க்கலாம், முடியாவிட்டால் உரிய துறைக்கு எடுத்துச் செல்லலாம். பெரும்பாலும் வசிப்பவரின் சம்மதமும் வேண்டும். பயந்துபோன மூதாட்டி வேண்டாம் என்றால் புகார் அங்கேயே நின்றுவிடும்.

அதிகாரமுள்ள ஆய்வாளர்களின் வருகையை ஒழுங்குபடுத்தியது 1987ஆம் ஆண்டின் சட்டம். 15 மாதங்களுக்குள் ஒருமுறையாவது, சொல்லாமல் போய்ச் சோதிக்க வேண்டும். வரும் நாளை இல்லத்துக்கு முன்கூட்டியே கசியவிட்டால் 2,000 டாலர் வரை அபராதம் என்று அப்போது விதித்தது. இப்படி ஒரு விதி தேவைப்பட்டதே அதற்கு முந்தைய ஆய்வுகளின் லட்சணத்தைக் காட்டுகிறது. ஊழியரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியவரைக் கட்டிப்போடுவதையும் அதே சட்டம் தடுத்தது.

2010இல் வந்த முதியோர் நீதிச் சட்டம் பொறுப்பை ஊழியர்மேலும் உரிமையாளர்மேலும் வைத்தது. குற்றம் நடந்ததாக நியாயமான சந்தேகம் எழுந்தால் மாநில அமைப்புக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும்: பலத்த காயமென்றால் 2 மணி நேரத்துக்குள், இல்லையேல் 24 மணி நேரத்துக்குள். தவறினால் 2,00,000 டாலர் வரை அபராதம் என்று அப்போது விதித்தது. உறவினரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. உறவினர் தெரிவிக்க வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சஸில் சந்தேகிக்கக் காரணமுள்ள எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். மகளுக்கும் அங்கே விலக்கில்லை.