தண்ணீரும் கரண்டும்: ஒரு ரப்பர் ஹோஸின் கதை

கரண்ட் பக்கம் தண்ணீரைக் கொண்டு போகாதே என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நூறு வருஷமாக ஃபவுண்டரிகளில் இரண்டும் ஒரே செம்புக் குழாயில்தான் ஓடுகின்றன. பி.காம். படித்த எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது கோலாப்பூர் பக்கத்துக் கடன் விண்ணப்பங்கள்!

விஷயம் இதுதான். செம்புச் சுருளில் மாறுமின்சாரம் பாய்ந்தால், நடுவில் இருக்கும் இரும்பு தானே சூடாகி உருகும். இந்த யோசனைக்கு 1887-லேயே ஃபெராண்டி காப்புரிமை வாங்கிவிட்டார். 1900-ல் ஸ்வீடனின் யீசிங்கே ஊரில் ஷெல்லின் உலையாகவே ஓட்டிக் காட்டினார். 1916 வாக்கில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வின் நார்த்ரப், நடுவில் இரும்புச் சட்டமே இல்லாத உலையைச் செய்தார். இன்றைய உலைகளுக்கு அதுதான் தாத்தா.

சிக்கல் என்னவென்றால், செம்பு 1085 டிகிரியில் உருகிவிடும். உள்ளே இரும்புக் குழம்பு 1400 டிகிரிக்கு மேல். நடுவில் சில அங்குலச் சுவர் மட்டும். போதாததற்கு, கொடுக்கும் மின்சாரத்தில் கணிசமான ஒரு பங்கு சுருளிலேயே வெப்பமாகிறது. அதனால்தான் கம்பிக்குப் பதில் குழாய், அதற்குள் தண்ணீர்.

சரி, தரையோடு இணைந்த இரும்புக் குழாயிலிருந்து, கரண்ட் ஓடும் சுருளுக்குத் தண்ணீரை எப்படிக் கொண்டு போவது? அங்கேதான் நம்ம ரப்பர் ஹோஸ் வருகிறது. நீளமான, ஒடுங்கிய ஹோஸில் உப்பு குறைந்த தண்ணீர் ஓடினால், அதன் வழியாகக் கசியும் மின்சாரம் மிக அற்பம். ஆனால் சாதாரணக் கறுப்பு ரப்பர் ஆகாது. அதில் இருக்கும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி பின்னிய ஹோஸும் கூடாது.

1956-ல் இங்கிலாந்தின் போல்ட் மின்நிலையத்தில், மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் செய்த 30 மெகாவாட் ஜெனரேட்டரின் ஸ்டேட்டர் சுருளுக்குள்ளேயே தண்ணீரை ஓட்டினார்கள். இன்றைய பெரிய அனல்மின் ஜெனரேட்டர்களிலும் இதே ஏற்பாடுதான். ரப்பருக்குப் பதில் அங்கே டெஃப்லான் ஹோஸ், அவ்வளவுதான்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் உலைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் பக்கம் பக்கமாக விவரம் இருக்கும். ஹோஸும் கிளாம்ப்பும் 'இதர செலவுகள்' வரியில் ஒளிந்திருக்கும் :-) ஆனால் உயிர் அங்கேதான் இருக்கிறது. குழம்புக்கு அடியில் தண்ணீர் சிக்கினால் ஒரே நொடியில் சுமார் 1600 மடங்கு விரிந்து ஆவியாகும். கொதிக்கும் இரும்பு எதிரே நிற்பவர் மேல் தெறிக்கும்.

இன்னொன்று. கரண்ட் போனால் பம்ப் நிற்கும், குழம்பின் சூடு நிற்காது. அதற்காகத்தான் உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. புவியீர்ப்பு மட்டும் லோட் ஷெடிங் பார்ப்பதில்லை.

ஃபவுண்டரி இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் சக வங்கி நண்பர்களே, இயந்திரத்தின் சீரியல் நம்பரைக் குறித்த கையோடு அண்ணாந்து பாருங்கள். தொட்டி இருக்கிறதா, அதில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் கடனுக்கு அடமானம் இயந்திரம். அதன் முன்னால் நிற்கும் ஆளுக்கு அந்தத் தொட்டிதான் காப்பீடு.