அசலைத் தாண்டாத வட்டி

திருப்பதிக்குச் செல்வோர் உண்டியலில் ஒரு காசேனும் இடாமல் மலையிறங்குவது அரிது. அந்தக் காசு காணிக்கை மட்டுமன்று, ஒரு பழைய கடனுக்குரிய வட்டியுமாகும் என்பது தலபுராண வழிவந்த நம்பிக்கை. பத்மாவதித் தாயாரை மணம் புரிவதற்காகத் திருவேங்கடமுடையான் குபேரனிடம் பொன் கடன் வாங்கினார். அதற்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பிரமனும் சிவனும் அரசமரமும் சாட்சிகளாயினர். கலியுக முடிவில் அசலைத் தீர்ப்பதாகவும், அதுவரை வட்டி செலுத்தி வருவதாகவும் ஒப்பந்தம். இதனாலன்றோ தெலுங்கு மக்கள் அப்பெருமானை 'வட்டிகாசுலவாடு' என்று உரிமையோடு அழைக்கின்றனர்!

இறைவனுக்குக் கலியுகம் முழுவதும் தவணை உண்டு. மனிதனுக்கு அத்தகைய தவணை இல்லை. வாங்கிய அசலைத் திருப்பித் தரவேண்டும் என்பதில் நம் நாட்டில் எந்நாளும் ஐயம் எழுந்ததில்லை. வட்டி எதுவரை வளரலாம்? தீர்ப்புப் பெற்ற கடன்காரர் எவ்வளவு தூரம் கைநீட்டலாம்? இவ்விரண்டு வினாக்களே வழக்காயின. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிச் சீமையின் வரலாற்றைப் புரட்டினால், இவ்வினாக்களுக்குச் சட்டம் எவ்வாறு தடுமாறித் தடுமாறி விடை கண்டது என்பதை நாம் காணலாம்.

முதற்கண் ஓர் அரசரின் கடனை நோக்குவோம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்க்காட்டு நவாபாக விளங்கிய முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைபலத்தால் அரியணையைக் காத்துக்கொண்டவர். அந்தப் போர்ச்செலவு அவர் தலைமேல் கடனாக ஏறியது. அக்கடனுக்கு ஈடாகத் திருப்பதிக் கோயிலின் வருமானமே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. பக்தர்கள் ஏழுமலையானுக்கு இட்ட காசு, நவாபின் கடனுக்காகச் சென்னைக் கோட்டையின் கருவூலத்தைச் சென்றடைந்தது. கம்பெனிக் கடன் போதாதென்று, கம்பெனி ஊழியர்களிடமும் நவாபு தனித்தனியே கடன் வாங்கினார். அவர்களுக்கு ஈடாக நாட்டின் நிலவரியையே பகுதி பகுதியாக எழுதிக் கொடுத்தார். வரி தண்டும் உரிமை பெற்றவர்கள் குடியானவரைக் கசக்கிப் பிழிந்தனர். கடன் வாங்கியவர் நவாபு, கட்டியவன் உழவன்.

இந்தக் கடன்களின் உண்மையை ஆராயாமலே ஒப்புக்கொள்வது அநீதி என்று எட்மண்ட் பர்க் 1785ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நெடியதோர் உரையாற்றினார். அன்று அவர் சொல் எடுபடவில்லை. 1801இல் கர்நாடக நாடு முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தபின், நவாபின் கடன்காரர்கள் தத்தம் பத்திரங்களுடன் திரண்டனர். 1805இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, அவற்றை ஆராய ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். வந்து குவிந்த கோரிக்கைகள் 3 கோடிப் பவுனுக்கும் மேற்பட்டவை. பல ஆண்டுகள் ஆராய்ந்தபின் உண்மையென ஏற்கப்பட்டவை 30 இலட்சம் பவுனுக்கும் குறைவே. பத்தில் ஒன்பது பங்கு பொய்யும் பெருக்கமுமாய் முடிந்தன. பத்திரம் இருப்பதாலேயே கடன் உண்மையாகிவிடாது என்பது இதனால் விளங்கிற்று.

ஆயினும் அரசரின் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்த சட்டம், குடியானவனின் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்க நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பண்டைய தரும நூல்கள் வட்டிக்கு ஒரு வரம்பு கட்டியிருந்தன. ஒரே வேளையில் தண்டப்படும் வட்டி அசலுக்கு மேற்படலாகாது என்பது அவ்வரம்பு. 'தாம்துபட்' என்று வழங்கும் இவ்விதியைப் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் இந்துக்களுக்குரிய சட்டமாக ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் ஏற்றன. சென்னை மாகாணத்திலோ அது செல்லாது என்று கொள்ளப்பட்டது. 1855ஆம் ஆண்டுச் சட்டமொன்று வட்டிக்கு இருந்த மற்றத் தடைகளையும் நீக்கிவிட்டது. எழுதிக் கொடுத்த வட்டி எதுவாயினும் அதற்கே தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் கடமையாயிற்று.

அக்காலத்தில் சித்தூர், வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அது தன் பெயரிலேயே அமைந்த புது மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆட்சி எல்லை மாறினும் குடியானவன் நடந்த வழி மாறவில்லை. மழை பொய்த்தால் புரோநோட்டு. தவணை தவறினால் வக்கீல் நோட்டீசு. அதன்பின் வழக்கு, டிக்கிரி, அமீனா, ஜப்தி, ஏலம். பழைய நோட்டைக் கிழித்து, வட்டியையும் அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதுவதும் வழக்கம். இவ்வாறு இரண்டு மூன்று முறை எழுதிவிட்டால், முதலில் கைக்கு வந்த தொகை எவ்வளவு என்பதே மறைந்துபோகும். மிகையான வட்டிக் கணக்கை மறுபடி ஆராயும் அதிகாரத்தை 1918ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளுக்கு அளித்ததாயினும், அது தீர்ப்பளிப்பவர் மனப்போக்கைப் பொறுத்ததாகவே இருந்தது.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் நிலைமையை முற்றச் செய்தது. நெல்லும் நிலக்கடலையும் விலை வீழ்ந்தன. நோட்டில் எழுதிய தொகை மட்டும் வீழவில்லை. சென்னை மாகாணத்து உழவரின் கடன் 1930இல் 150 கோடி ரூபாய் என்று வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. 1935இல் சத்தியநாதன் அறிக்கை அதனை 200 கோடி என்று கணித்தது.

இந்நிலையிலேதான் 1937இல் இராஜாஜி மாகாண முதலமைச்சரானார். தாமே வழக்கறிஞராக இருந்தவராதலின் நோட்டும் டிக்கிரியும் அவர் அறியாதவை அல்ல. 1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், தரும நூல்களின் பழைய வரம்பைப் புது உருவில் மீட்டுத் தந்தது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முன் வாங்கிய கடனில், 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையாய் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலுக்கு இருமடங்கு முன்னமே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. இருமடங்குக்குக் குறைவாகச் செலுத்தியிருந்தால், அந்தக் குறைவு அல்லது நிற்கும் அசல், இவற்றில் எது சிறிதோ அதனையே கட்டினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 1920இல் நூறு ரூபாயை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு வாங்கிய ஒருவன், பன்னிரண்டு ஆண்டுகள் தவறாமல் வட்டி கட்டினான் என்று கொள்வோம். கட்டியது 144 ரூபாய். பின் ஐந்தாண்டு கட்ட இயலவில்லை. நிலுவை வட்டி 60 ரூபாய். பழைய முறைப்படி அவன் தரவேண்டியது 160 ரூபாய். புதுச் சட்டப்படி, இருமடங்காகிய 200க்குக் குறைவது 56 ரூபாய். அதுவே அவன் கடன். பலமுறை நோட்டை மாற்றி எழுதியிருந்தாலும் முதலில் கைக்கு வந்த தொகையே அசலெனக் கொள்ளப்பட்டது. இனி வாங்கும் கடனுக்கு வட்டி ரூபாய்க்கு மாதம் ஒரு பை, அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறே கால் என வரையறுக்கப்பட்டது. வேறு சொத்தில்லாத பெண்ணொருத்தி கொடுத்திருந்த 3,000 ரூபாய் வரையிலான கடனைச் சட்டம் தொடவில்லை. ஏழைக் கடனாளியைக் காக்கப் புகுந்த சட்டம், ஏழைக் கடன்காரியையும் மறக்கவில்லை.

இச்சட்டத்தின் துணிவு வேறோரிடத்தில் உள்ளது. நீதிமன்றம் முன்னமே அளித்துவிட்ட டிக்கிரியையும் திருத்தி எழுதலாம் என்று அது விதித்தது. 1937 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் ஏலம் போன நிலத்தையும் உரிய காலத்துக்குள் மனுச் செய்து மீட்க வழி வகுத்தது. தீர்ப்பு என்பது முடிந்த முடிபு என்று நம்பியிருந்தோர் அதிர்ச்சியுற்றனர். புரோநோட்டு மைய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மாகாணச் சட்டமன்றம் அதில் கைவைக்கலாகாது என்று வாதிட்டு, வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் வரை கொண்டு சென்றனர். நோட்டின் மீது டிக்கிரி பிறந்த பின் அது டிக்கிரிக் கடனே, புரோநோட்டன்று என்று கூறி, 1940இல் அந்நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்திற்று.

பின்னர் எல்லைகள் மாறின. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் அடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் குண்டூரில் ஆந்திர உயர்நீதிமன்றம் அமைந்தது. 1956இல் ஐதராபாத்துக்கும், 2019இல் அமராவதிக்கும் உயர்நீதிமன்றம் இடம் மாறிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி பிரிந்தும் கடன் சட்டம் பிரியவில்லை. சென்னையில் இயற்றிய 1938ஆம் ஆண்டுச் சட்டமே ஆந்திரப் பகுதியின் சட்டமாகவும் தொடர்ந்தது.

கடனைச் சுருக்கியும் கட்ட முடியாதவன் என் செய்வான்? அவனுக்கென அமைந்ததே 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். 'மஞ்சள் கடுதாசி கொடுத்தான்', 'ஐ.பி. போட்டான்' என்று நம்மவர் ஏளனமாகச் சொல்வது இதனையே. ஏளனத்துக்கு இதில் இடமில்லை. கடனாளி தன் உடைமை முழுவதையும் மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைக்கிறான். ரிசீவர் அதனை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுகிறார். அதன்பின் நீதிமன்றம் விடுதலை அளித்தால் பழைய சுமை நீங்குகிறது. அரசுக்குச் சேரவேண்டியதும் மோசடியால் வந்ததும் நீங்குவதில்லை. நிறுவனங்களுக்கென 2016இல் புதிய நொடிப்புச் சட்டம் வந்திருப்பினும், சாதாரணக் குடிமகனுக்கு இந்த நூறாண்டுப் பழஞ்சட்டமே இன்றும் புகலிடம்.

2010இல் வரலாறு மற்றொரு முறை திரும்பிற்று. பெண்கள் குழுக்களுக்குச் சிறு கடன் வழங்கிய நிறுவனங்கள் வசூலுக்காகக் கொடுத்த நெருக்கடியும், அதனால் நேர்ந்தவையாகச் சொல்லப்பட்ட தற்கொலைகளும் ஆந்திரத்தை உலுக்கின. அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. பின் அது முழுச் சட்டமாயிற்று. அதன் விதிகளுள் ஒன்று, தண்டப்படும் வட்டி அசலுக்கு மேற்படலாகாது என்பது. தரும நூல்கள் கூறியதும், சென்னை நீதிமன்றங்கள் தள்ளியதும், 1938இல் மீண்டதுமாகிய அதே வரம்பு! ஆனால் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. கடனைத் திருப்பிக் கட்டுவது குன்றியது. நிறுவனங்கள் மாநிலத்தில் புதுக்கடன் தருவதையே பெரும்பாலும் நிறுத்தின. வட்டிக்கு வரம்பு கட்டும் அரசு, நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கும் வழியையும் திறக்க வேண்டும். இன்றேல் கடனாளி மறைமுகக் கடனுக்கே துரத்தப்படுவான். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள நிதி நிறுவனங்களை மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டங்கள் கட்டுப்படுத்தா என்று 2022இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தமையால், அவற்றுக்கு வரம்பு கட்டும் பொறுப்பு இன்று ரிசர்வ் வங்கியைச் சார்ந்துள்ளது.

பிறந்த மண்ணை விட்டு மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கு இவ்வரலாறு ஏட்டுச் செய்தியன்று. ஊரில் எழுதிக் கொடுத்த நோட்டு நம்மோடு இரயிலேறி வரும். சித்தூர் நீதிமன்றம் அளித்த டிக்கிரியை நாம் வாழும் நகரத்து நீதிமன்றத்துக்கு அனுப்பி நிறைவேற்றலாம். பணத்துக்கான டிக்கிரியின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு. ஊரை மாற்றிக்கொண்டதால் கடன் தொலைந்தது என்று எண்ணி, வந்த சம்மனை வாங்காமல் விடுவது பேதைமை. நாம் இல்லாத இடத்தில் நமக்கெதிராகத் தீர்ப்புப் பிறந்துவிடும்.

ஆனால் அந்த டிக்கிரியும் எல்லையற்றதன்று. உடுத்த துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, உழவனின் ஏர்மாடு, தாலி போன்றவற்றில் ஜப்தி செல்லாது. கூலியாள் பெறும் கூலியைத் தொடலாகாது. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடலாகாது. பணக்கடனுக்காகப் பெண்ணைச் சிறையிலடைக்கலாகாது. ஆணாயினும், கட்டும் வசதியிருந்தும் வஞ்சனையால் மறுப்பவனையன்றி, வறுமையால் கட்டாதவனைச் சிறையிடுதல் தகாது என்று 1980இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் உச்சநீதிமன்றத்தில் உரைத்தார்.

ஆகவே, நோட்டீசு வந்த நாளில் நாம் செய்யத்தக்கவை மூன்று: கட்டிய தொகைக்கெல்லாம் ரசீதைத் தேடி எடுத்தல், முதலில் கைக்கு வந்த அசல் எவ்வளவு என்று கணக்கிடுதல், குறித்த நாளில் வக்கீல் மூலமேனும் நீதிமன்றத்தில் தோன்றுதல். நவாபின் கடன்களில் பொய்யைப் பிரித்தெடுத்ததும் உழவனின் 160 ரூபாயை 56 ஆக்கியதும் கணக்கை மறுபடி பார்த்த செயலே.