சர்வே எண்ணுக்குள் புதைந்த நிலம்

பஞ்சமி நிலம் பற்றிப் பேசும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சரி தோழர், எங்க ஊரில் அந்த நிலம் எங்கே இருக்கிறது?" அரசாணையின் எண் நம் எல்லோருக்கும் மனப்பாடம். இடத்தைக் காட்டச் சொன்னால்தான் தடுமாறுகிறோம். இந்தத் தடுமாற்றம் எப்படி வந்தது?

1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் நில அளவைப் பணியைத் தொடங்கினார். பின்னர் வரி வசூலுக்காக வயல் வயலாகச் சர்வே நடந்தது. ஒவ்வொரு வயலுக்கும் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் புலப்படம், ஒவ்வொரு கிராமத்துக்கும் வரைபடம். அந்த வரைபடங்களில் ஊர் ஓரிடத்தில், பறைச்சேரி தள்ளி இன்னோரிடத்தில். தீண்டாமையை வெள்ளைக்காரன் அளவெடுத்தே வரைந்து வைத்தான். அந்த ஏடுகளோ கர்ணத்தின் வீட்டில் இருந்தன. கர்ணம், மணியம் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்படும்வரை, தன் நிலத்தின் எண்ணைத் தெரிந்துகொள்ளச் சேரிக்காரர் அந்த வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர் ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத மக்கள் மிராசுதாரர் பிடியிலிருந்து எப்படி விடுபடுவார்கள் என்பதே அதன் மையக் கேள்வி. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. முதல் 10 ஆண்டுகள் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்ற நிபந்தனையோடு நிலம் வழங்கப்பட்டது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. கடனுக்கு, மிரட்டலுக்கு, கைநாட்டுக்குப் போனது. 1980-களின் யு.டி.ஆர். பதிவுத் திருத்தத்தின்போது பழைய ஏட்டில் இருந்த 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு பல ஊர்களில் புதிய ஏட்டுக்கு வரவில்லை. ஒரு சர்வே எண் உட்பிரிவுகளாக உடைந்தது, பழைய எண்ணைச் சொன்னால் யாருக்கும் புரியாமல் போனது. காரணை நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். உயிர் கொடுத்துக் கேட்ட நிலத்தை வரைபடத்தில் காட்டத் தெரியாமல் நாம் இருக்கலாமா?

வரைபடம் சாட்சியாக நின்ற ஒரு வழக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகரை ஒட்டியது கோல் ரன் பகுதி. அங்கே வாழ்ந்த கறுப்பின மக்களுக்குச் சுமார் அரை நூற்றாண்டு குடிநீர்க் குழாய் தரப்படவில்லை. சுரங்கத்தால் கெட்ட கிணறு, மழைநீர், வண்டியில் சுமந்துவரும் தண்ணீர் என்று காலம் தள்ளினார்கள். நிர்வாகம் ஆயிரம் காரணம் சொன்னது. வழக்கில் எந்த வீட்டில் குழாய் இருக்கிறது, அந்த வீட்டில் இருப்பவர் வெள்ளையரா கறுப்பரா என்ற இரண்டு தகவலையும் கணினி வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். குழாய் எங்கே நின்றது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2008 ஜூலையில் 67 பேருக்கு ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது.

ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் சாரம். அதை நம் நிலத்துக்கும் செய்யலாம். பழைய செட்டில்மெண்ட் ஏட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இன்றைய 'அ' பதிவேடும் புலப்படமும் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. பழைய கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து, கட்டணமில்லாத க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றுங்கள். ஏரிக்கரை, கோயில், எல்லைக்கல் போன்ற இடம் மாறாத புள்ளிகளை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தினால், பழைய எண் இன்று எந்தச் சுற்றுச்சுவருக்குள் கிடக்கிறது என்பது தெரியும். பழைய புலப்படத்தின் அளவு லிங்க் கணக்கில் இருந்தால் மிரள வேண்டாம்: 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. வரைபடம் போட அனுமதி வேண்டுமே என்ற பயமும் வேண்டாம். 2021 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் இந்தியக் குடிமக்களுக்கு அந்தத் தடையை நீக்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. செல்போன் ஜி.பி.எஸ். பல அடி தள்ளிக் காட்டும். நம் வரைபடம் நிலத்தை அடையாளம் காட்டும், வரப்புத் தகராறைத் தீர்க்காது. அதற்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். வந்து அளக்க வைப்பதற்கு நம் வரைபடமும் மக்கள் திரளும் வேண்டும். மனு கொடுக்கும்வரை உரிமையாளர் பெயர்களைப் பொதுவெளியில் போடாதீர்கள், மிரட்டல் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும்.

மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் ஊரில் மூத்த பாட்டி ஒருவரோடு நடந்து வாருங்கள். எந்த வயலில் யார் ஏர் ஓட்டினார்கள், எந்த ஆண்டு வேலி விழுந்தது என்பது அவருக்குத் தெரியும். அவர் கைநீட்டிக் காட்டும் இடத்தில்தான் நம் முதல் புள்ளியை வைக்க வேண்டும்.

ஜெய்பீம்.