இரண்டாம் அடுக்கின் கசந்த பருவம்: ஐரோப்பிய ரக்பி, 2018

அணிக்குப் பதினைந்து பேராக, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் காலால் உதைத்தும் ஆடும் ரக்பி யூனியன் ஆட்டத்தில், ஐரோப்பாவின் முதல் அடுக்காக விளங்குவது இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகள் ஆண்டுதோறும் தமக்குள் நடத்திக்கொள்ளும் ‘சிக்ஸ் நேஷன்ஸ்’ தொடராகும். இத்தொடரில் கடைசி இடம் பெறும் அணி கீழே இறங்க வேண்டியதில்லை. கீழே இருக்கும் அணி எவ்வளவு திறமையுடன் ஆடினாலும் அதனுள் நுழைய வழியும் இல்லை. மூடிய அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும் நாடுகளில் வலிமை மிக்க அணிகள் (2018-இல் ஆறு) மோதிக்கொள்வதே ‘ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப்’ எனப்படும் இரண்டாம் அடுக்குத் தொடர். இதனை நடத்தும் ரக்பி யூரோப் அமைப்பு, பிரிட்டன் தீவுகளின் சங்கங்கள் பிரான்சைத் தம் போட்டிகளிலிருந்து விலக்கிவைத்திருந்த காலத்தில், 1934-இல் பாரிஸில் பிறந்த ‘ஃபிரா’ என்ற கூட்டமைப்பின் வழித்தோன்றலாகும். விலக்கப்பட்டோர் கூடி அமைத்த வீடு என்று அதனைக் கருதுவது பொருந்தும்.

அந்த வீட்டின் மூத்த பிள்ளையாக நெடுங்காலம் இருந்தது ருமேனியா. 1983-இல் புக்கரெஸ்டில் வேல்ஸை 24–6 என்று வென்ற அந்த அணி, அடுத்த ஆண்டு, சிக்ஸ் நேஷன்ஸின் முன்னோடியான ஐந்து நாடுகள் தொடரின் எல்லா ஆட்டங்களையும் வென்றுவிட்டு வந்த ஸ்காட்லாந்தையும் அதே நகரில் வீழ்த்தியது. ராணுவத்தின் ஸ்டியாவா, உள்துறையின் டினாமோ ஆகிய அரசுச் சங்கங்களின் தோளில் நின்ற அந்த வலிமை, 1989 டிசம்பர்ப் புரட்சியுடன் சரியத் தொடங்கியது. ராணுவ அதிகாரியும் தேசிய அணியின் முன்கள ஆட்டக்காரர்களில் புகழ்பெற்றவருமான ஃப்ளோரிக்கா முராரியு அப்புரட்சியின் நாட்களில் சுடப்பட்டு இறந்தார். ஆயினும் 1987 முதல் 2015 வரை நடைபெற்ற எட்டு உலகக் கோப்பைகளிலும் ருமேனியா இடம்பெற்றது. ஸ்பெயினோ 1999-இல் ஒரே ஒரு முறை ஆடி, மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியிருந்தது.

2019-ஆம் ஆண்டின் உலகக் கோப்பை ஜப்பானில் நடைபெறவிருந்த நிலையில், 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளின் சாம்பியன்ஷிப் ஆட்டங்களைச் சேர்த்துக் கணக்கிட்டு, முதலிடம் பெறும் அணிக்கு நேரடி இடமும் அடுத்த அணிக்கு மேலும் சில தகுதி ஆட்டங்களும் என்று விதி வகுக்கப்பட்டது. அவ்வேளையில் இவ்வடுக்கின் மிக வலிய அணியாக வளர்ந்திருந்த ஜார்ஜியா, 2015 உலகக் கோப்பையில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்று ஏற்கெனவே தகுதி அடைந்துவிட்டதால், அதற்கு எதிரான ஆட்டங்கள் இக்கணக்கில் சேரவில்லை. ஆகவே ருமேனியா, ஸ்பெயின், ரஷ்யா, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய ஐந்து அணிகளுக்கும் தலா எட்டு ஆட்டங்களே கணக்கில் வந்தன. வென்று வரும் அணிக்குக் காத்திருந்த பரிசு சாதாரணமானதன்று: உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், போட்டியை நடத்தும் ஜப்பானை எதிர்த்து ஆடும் இடமே அது.

2018 பிப்ரவரியில் ஸ்பெயின் கிராஸ்னதார் நகருக்குச் சென்று ரஷ்யாவை 20–13 என்று வென்றது. எட்டு நாள் கழித்து மாட்ரிடில் ருமேனியாவை 22–10 என்று வென்றது. பயிற்சியாளர் சாந்தியாகோ சாந்தோஸ், அணித்தலைவர் ஹைமே நாவா ஆகியோரின் பெயர்கள், கால்பந்தைத் தவிர வேறெதற்கும் இடம் ஒதுக்காத அந்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிபடத் தொடங்கின. மார்ச்சில் ஜெர்மனியை 84–10 என்று வென்றது பெருமையாகக் கொள்ளத்தக்கதன்று; முந்தைய ஆண்டு ருமேனியாவை 41–38 என்று வீழ்த்தி வியப்பூட்டிய ஜெர்மனியின் முதன்மை வீரர்கள், தம் சங்கத்துடன் ஏற்பட்ட பிணக்கால் ஒதுங்கி நின்ற பருவம் அது. எஞ்சியிருந்தது மார்ச் 18 அன்று பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்துடனான ஆட்டம் மட்டுமே. வென்றால் ஜப்பான், தோற்றால் அந்த இடம் ருமேனியாவுக்கு.

அந்த ஆட்டத்துக்கு நியமிக்கப்பட்ட நடுவர் ருமேனியர்; கோட்டோர நடுவர்களும் ருமேனியர்; ரக்பி யூரோப் அமைப்பின் அன்றைய தலைவரும் ருமேனியாவின் முன்னாள் வீரரே. ஆட்டத்துக்கு முன்பே ஸ்பெயின் சங்கம் தன் கவலையைத் தெரிவித்திருந்தும் நியமனம் மாற்றப்படவில்லை. ஸ்பெயின் 10–18 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ஸ்பெயின் வீரர்கள் சிலர் நடுவரைச் சூழ்ந்து சீறியது வெட்கத்துக்குரிய காட்சி. அதற்காக ஐந்து வீரர்கள் பின்னர்த் தடை பெற்றனர். நடுவர் ஊதிய ஒவ்வொரு ஊதலையும் எடைபோட்டுப் பார்ப்பது இங்கு அவசியமில்லை. முடிவினால் ஆதாயம் பெறும் நாட்டைச் சேர்ந்தவரிடம் ஊதலைக் கொடுத்த கணத்திலேயே, நேர்மையாக ஆடி வென்றிருந்தாலும் பெல்ஜியத்தின் வெற்றி மீது நிழல் விழுவது உறுதியாகிவிட்டது. அந்த நடுவரின் பெயர் மீதும் அதே நிழல் விழுந்தது. வேறொரு நாட்டிலிருந்து மூன்று நடுவர்களை அழைத்துவர ஆகும் சிறு செலவில் தவிர்த்திருக்கக்கூடிய துயரம் இது.

ஆனால் பருவத்தின் முடிவைத் தீர்மானித்தது பிரஸ்ஸல்ஸ் ஆட்டமும் அன்று. அதன் பின்வந்த வாரங்களில் வீரர்களின் தகுதி பற்றிய ஐயங்கள் எழுந்தன. உலக ரக்பி அமைப்பின் அன்றைய எட்டாம் விதிப்படி, ஒருவர் ஒரு நாட்டின் முதன்மை அணிக்கோ, அணிக்கு ஏழு பேராக ஆடும் வடிவின் எழுவர் அணிக்கோ, அந்நாடு ‘அடுத்த நிலை அணி’ என்று அறிவித்துள்ள அணிக்கோ ஆடிவிட்டால், அதன்பின் வேறு நாட்டுக்கு ஆட முடியாதிருந்தது. ருமேனியாவின் நடுவரிசையில் ஆடிய சியோனே ஃபாக்கஓசிலேயா, 2013-இல் தாம் பிறந்த டோங்காவின் எழுவர் அணிக்கு ஆடியிருந்தார். ஸ்பெயின் அணியின் மாத்தியூ பெலி, பாஸ்தியான் ஃபுஸ்டர் ஆகியோர் இளமையில் பிரான்சின் இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர்கள். பிரான்ஸ் அன்று அவ்விளையோர் அணியையே தன் அடுத்த நிலை அணியாக அறிவித்திருந்தது. பெல்ஜியமும் தகுதியற்ற வீரர்களை இறக்கியிருந்தது தெரியவந்தது.

மே 15 அன்று, இவ்வையங்களை விசாரித்த தனிக்குழு தீர்ப்பளித்தது. தகுதியற்ற வீரர் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஐந்து புள்ளிகள் என்ற கணக்கில் ருமேனியாவுக்கு 30, பெல்ஜியத்துக்கு 30, ஸ்பெயினுக்கு 40 புள்ளிகள் கழிக்கப்பட்டன. நாற்பது என்றால் எட்டு ஆட்டங்கள். அதாவது, கணக்கில் வந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஸ்பெயின் முறையான அணியுடன் ஆடவில்லை என்று பொருள். மறு ஆட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும், பின்வந்த மேல்முறையீடுகளும் பலனளிக்கவில்லை. களத்தில் மூன்றாவதாக நின்ற ரஷ்யா உலகக் கோப்பைக்குச் சென்றது. ருமேனியா வரலாற்றில் முதன்முறையாக வீட்டில் தங்கியது.

தீர்ப்பில் சட்டப் பிழை காண்பது கடினம். ஆயினும் அவ்விதி யாருக்காக எழுதப்பட்டது, யார் மீது விழுந்தது என்பதை வரலாறு கேட்காமல் இருக்க முடியாது. செல்வச் சங்கங்கள் தம் இளம் வீரர்கள் கைநழுவிப் போகாதிருக்க இட்ட வேலி அது. பிரான்சில் வளர்ந்து, பிரான்சின் முதன்மை அணிக்கு ஒருநாளும் அழைக்கப்படாத இளைஞர், தம் குடும்ப வேர் உள்ள நாட்டுக்கு ஆட விரும்பியபோது அவ்வேலி அவர் காலைத் தடுக்கியது. கோப்புகளைச் சரிபார்க்கத் தனி அலுவலகமும் வழக்கறிஞர்களும் வைத்திருக்கும் அணிகள் இதில் சிக்கவில்லை. சில ஊழியர்களைக் கொண்டு நடக்கும் மூன்று சங்கங்கள் ஒரே பருவத்தில் ஒருசேரச் சிக்கின. தவறு அச்சங்கங்களுடையதே என்றாலும், இரண்டு ஆண்டுகளாக ஒவ்வோர் ஆட்டத்தின் வீரர் பட்டியலையும் கையில் பெற்று வந்த மேலமைப்புகள், இறுதி ஆட்டம் வரை அவற்றைச் சரிபாராமல் விட்டதும் தவறுதான்.

இத்தீர்ப்பின் மிக விசித்திரமான பயனைப் பெற்றது ஜெர்மனி. 2018 சாம்பியன்ஷிப்பில் ஓர் ஆட்டமும் வெல்லாத அந்த அணி, மற்றவர்கள் சரிந்ததால் இரண்டாமிடத்துக்கு ஏறி, ஹைடல்பெர்கில் போர்ச்சுகலை 16–13 என்று வென்று, சமோவாவிடம் இரு ஆட்டங்களிலும் தோற்று, நவம்பரில் மார்செய்ல் நகரில் நடந்த நான்கு அணிகளின் கடைசி வாய்ப்புத் தொடர் வரை சென்றது. அங்கு ஹாங்காங்கையும் கென்யாவையும் வென்றாலும் கனடாவிடம் 10–29 என்று தோற்றதால் பயணம் முடிந்தது. 2019 செப்டம்பர் 20 அன்று டோக்கியோவில் ஜப்பானுடன் மோதிய ரஷ்யா, ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முதல் ‘டிரை’யைப் பெற்றது; எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி ஐந்து புள்ளிகள் பெறுவதே டிரை எனப்படும். ஆயினும் அது 10–30 என்று தோற்றது; மற்ற மூன்று ஆட்டங்களிலும் தோற்றது.

வேலி பின்னர்த் தளர்ந்தது. 2021 நவம்பரில், மூன்று ஆண்டுகள் பன்னாட்டு ஆட்டம் ஆடாதிருந்த வீரர், தாமோ தம் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம் என்று உலக ரக்பி அமைப்பு முடிவு செய்தது. ஸ்பெயினுக்கோ சோதனை தீரவில்லை: 2022-இல் 2023 உலகக் கோப்பைக்கான தகுதியைக் களத்தில் ஈட்டிய பின்னர், தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஒரு வீரரின் குடியிருப்புக் காலம் பற்றிய குற்றச்சாட்டில் பத்துப் புள்ளிகளை இழக்க, அவ்விடம் ருமேனியாவுக்குச் சென்றது. அடுத்த உலகக் கோப்பை இருபத்துநான்கு அணிகளுக்கென விரிவாக்கப்பட்ட பின்னரே, 2025-இல் ஜார்ஜியா, ருமேனியா, போர்ச்சுகல் ஆகிய அணிகளுடன் ஸ்பெயினும் தகுதி பெற்றது. 1999-க்குப் பின் அந்நாடு ஆடும் முதல் உலகக் கோப்பை ஆட்டம் 2027-இல் ஆஸ்திரேலியாவில் நடைபெறும்.