பருவகாலப் பணியாளரும் ஈட்டிய விடுப்பும்

ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே நடைபெறும் வேலைக்கு ஆண்டுதோறும் திரும்பி வருபவர் பருவகாலப் பணியாளர் எனப்படுகிறார். பணிபுரிந்த நாள்களுக்கு ஈடாகக் கணக்கில் சேரும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு, ஈட்டிய விடுப்பு ஆகும். இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் இவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி வர நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் முழுமையாகப் பொருந்திவிட்டன என்று சொல்ல முடியாது.

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் சுற்றுப்புறச் சிற்றூர்களில் கரும்பும் விளைகிறது. இப்பகுதிக்குரிய திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை, பெயரில் திருத்தணியைத் தாங்கியிருந்தாலும், திருவாலங்காட்டில் அமைந்துள்ளது. கூட்டுறவு ஆலைகள் மாநில அரசின் சர்க்கரைத் துறையின் மேற்பார்வையில் இயங்குபவை. எனவே அவற்றின் தொழிலாளர் அரசு ஊழியர் அல்லர் என்றாலும் அரசுக்கு மிக அருகில் நிற்பவர்கள். திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தொழிற்சாலைச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவான மத்தியச் சட்டம். ஆகையால் எல்லை மாறியபோதும் விடுப்புச் சட்டம் மாறவில்லை.

இரு வகை ஓய்வு

அரசுப் பணியில் விடுப்பு விதிகளுக்கு அடிப்படையாக இருப்பவை 1922 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள். பள்ளிகளைப் போல ஆண்டுதோறும் நீண்ட விடுமுறை விடப்படும் துறைகளை இவை ‘விடுமுறைத் துறை’ என்று தனியே பிரித்தன. விடுமுறைக் காலமும் பணிக்காலமாகவே கொள்ளப்படும், சம்பளம் உண்டு. அதற்கு ஈடாக ஈட்டிய விடுப்பு மட்டும் குறைக்கப்படும். மே மாதத்தில் வீட்டில் இருக்கும் ஆசிரியருக்கு அம்மாதச் சம்பளம் வந்துவிடுகிறது. அரவை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படும் ஆலைத் தொழிலாளியும் சில மாதங்கள் வேலையின்றி இருப்பவரே. அவருடைய அந்த மாதங்கள் பணிக்காலம் ஆவதில்லை. வேறுபாடு வேலையின் இயல்பில் இல்லை, விதி எழுதப்பட்ட முறையில்தான் இருக்கிறது.

சட்டம் வந்த வழி

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையத்தைத் தொடர்ந்து 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டு முழுதும் இயங்குபவை, பருவகாலத்தில் இயங்குபவை எனத் தொழிற்சாலைகளை அது பிரித்தது. சர்க்கரை, வெல்லம், பருத்தி அரைத்தல், நிலக்கடலை உடைத்தல், தேயிலை முதலியவை பருவகாலப் பட்டியலில் இடம்பெற்றன. மற்ற ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் உச்ச வரம்பு. பருவகால ஆலைகளில் 60 மணி நேரம்.

1936இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஊதியத்துடன் கூடிய விடுமுறை குறித்து உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. இந்தியாவில் 1945ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு 10 நாள் ஊதிய விடுமுறை அளித்தது. பருவகால ஆலைகளுக்கு இது பொருந்தாது. குறுகிய காலமே வேலை என்பதால் கூடுதல் நேரம் உழைக்க வேண்டும். அதே காரணத்தால் விடுமுறையும் இல்லை. ஒரே காரணம் இரண்டு முறையும் தொழிலாளிக்கு எதிராகவே பயன்பட்டது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இந்தப் பாகுபாட்டை நீக்கியது. பட்டியல் போயிற்று, ஆனால் தடை வேறு உருவில் தங்கியது. 1954ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 79ஆம் பிரிவின்படி, ஒரு நாட்காட்டி ஆண்டில் 240 நாள்கள் வேலை செய்தவருக்கே மறு ஆண்டில் 20 நாளுக்கு 1 நாள் வீதம் விடுப்பு உண்டு. எடுக்காத விடுப்பில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லலாம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். 240 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள் விடுப்பு. 239 நாள் செய்தவருக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. 150 நாள் வேலைக்கு வீதப்படி ஏழரை நாள் வரும். அரை நாளை முழு நாளாகக் கொள்ளும் விதிப்படி அது 8 நாள். 240 என்ற வாசலைத் தாண்டாததால் அந்த 8 நாளும் கைக்கு வராது. மேலும் அரவைப் பருவம் ஆண்டின் இறுதியை ஒட்டித் தொடங்கி அடுத்த ஆண்டில் முடிவது. சட்டம் எண்ணுவதோ சனவரி முதல் டிசம்பர் வரை. ஒரே பருவத்தின் உழைப்பு இரண்டு ஆண்டுகளின் கணக்கில் சிதறிப் போகிறது.

இப்பிரிவில் ஒரு விந்தையும் உண்டு. வேலையை விட்டு விலகுபவர், நீக்கப்படுபவர், ஓய்வு பெறுபவர் ஆகியோருக்கும் இறந்தவரின் வாரிசுக்கும் 240 நாள் நிறையாவிட்டாலும் அதே வீதத்தில் விடுப்பு ஊதியம் கிடைக்கும். அடுத்த பருவத்துக்காகக் காத்திருப்பவருக்குத்தான் கிடைக்காது.

பருவத்தைப் புரிந்துகொண்ட விதிகள்

பருவகால வேலையைச் சட்டத்தால் அளக்கவே முடியாது என்பதில்லை. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், பருவகால நிறுவனம் இயங்கிய நாள்களில் 75 விழுக்காடு வேலை செய்திருந்தாலே தொடர்பணியாகக் கொண்டது. பருவம் ஒன்றுக்கு 7 நாள் ஊதியம் பணிக்கொடை என்றது. ஆலை ஓடாத நாளுக்குத் தொழிலாளியைப் பொறுப்பாக்காத முறை இது. விடுப்புக்கும் இதே அளவுகோலை வைத்திருக்கலாம்.

அரவை இல்லாத காலத்துக்குச் சர்க்கரை ஆலைகளில் ‘தக்கவைப்புப் படி’ என்ற தொகை உண்டு. 1957இல் அமைக்கப்பட்ட மத்திய ஊதியக் குழு இதை நெறிப்படுத்தியது. பயிற்சி பெற்ற தொழிலாளி வேறிடம் போய்விடாமல் இருப்பதற்கான படி என்பதால், திறன்மிக்கவருக்குக் கூடுதலாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் அமைந்தது.

அலெம்பிக் கெமிக்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம், 79ஆம் பிரிவு கூறுவது குறைந்த அளவே. தீர்ப்பாயம் அதற்கு மேலும் விடுப்பு வழங்கலாம் என்றது. ஆகவே தொழிற்சங்க ஒப்பந்தத்தின் வழியாகப் பருவகாலப் பணியாளருக்கு விடுப்புப் பெறச் சட்டத்தில் தடை இல்லை. பஞ்சாபின் மொரிண்டா கூட்டுறவு சர்க்கரை ஆலை வழக்கில் 1995இல், பருவ முடிவில் பணி நிற்பது ஆட்குறைப்பு ஆகாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் ஆலை பதிவேடு வைத்து, அடுத்த பருவத்தில் பணிமூப்பு வரிசைப்படி அவர்களை அழைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பணிபுரியும் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் ஆகியோரின் நிலை வேறு. நெல் கொள்முதல் செய்யும் களம் தொழிற்சாலை அன்று. அவர்களது விடுப்பு கழகத்தின் பணி விதிகளையும் ஆணைகளையும் சார்ந்தது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 240 நாளை 180 ஆகக் குறைத்தது. ஆண்டு இறுதியில் விடுப்பைப் பணமாகக் கேட்கவும் வழி செய்தது. 180 நாள் வேலை செய்தவருக்கு இனி 9 நாள் விடுப்பு. நல்ல மழை பெய்து, கரும்பு வரத்து மிகுந்து, அரவை நீளும் ஆண்டுகளில் பருவகாலத் தொழிலாளர் சிலர் இந்த வரம்பைத் தொடக்கூடும். கரும்பு குறைந்து அரவை 150 நாளில் நின்றால், அந்த 8 நாள் முன்போலவே கணக்கில் ஏறாது.