ஊஞ்சலும் ஒரு பயிற்சியே

உடற்பயிற்சி என்றதும் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது கர்லாக்கட்டை சுழற்றும் பயில்வானின் உருவமே. ஆகவேதான், ஐம்பதைக் கடந்த ஒருவரிடம் மருத்துவர் சிறிது பயிற்சி செய்யும்படி சொன்னால், "இந்த வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று அவர் சிரித்து ஒதுக்கிவிடுகிறார். வீட்டுப் பெண்மணிகளோ, அது தங்களைப் பற்றிய பேச்சே அன்று என்று இருந்துவிடுகின்றனர். இந்த மனத்தடைக்குப் பழைய மருத்துவ ஏடுகளில் இடமே இல்லை என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது.

புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் 980இல் பிறந்த இப்னு சீனா, தம் மருத்துவப் பெருநூலாகிய 'அல்கானூன்' முதற்பாகத்தில் உடல்நலம் காக்கும் வழிகளைக் கூறப் புகுகிறார். பயிற்சி, உணவு, உறக்கம் ஆகிய மூன்றையும் தலையாயவையாகக் கொண்டு, அவற்றுள்ளும் பயிற்சியையே முதலில் எடுத்துக்கொள்கிறார். மூச்சை ஆழமாகவும் அடுத்தடுத்தும் வாங்கச் செய்கின்ற, நாமே விரும்பிச் செய்யும் அசைவுதான் பயிற்சி என்பது அவர் தரும் இலக்கணம். மற்போர், ஓட்டம், வில்வித்தை, குதிரையேற்றம் ஆகியவற்றோடு விரைந்த நடையும் அவர் பட்டியலில் உண்டு. அதோடு நில்லாமல், ஊஞ்சலாடுவதையும் படகில் செல்வதையும் அவர் சேர்த்துக்கொள்கிறார். நோயிலிருந்து எழுந்தவரும் மெலிந்தவரும் தம் நிலைக்கேற்ற மென்மையான அசைவைப் பெற வேண்டும் என்பதே அவர் கருத்து. கண்ணுக்கும் காதுக்கும் குரலுக்கும்கூடத் தனித்தனிப் பயிற்சிகள் கூறியிருக்கிறார்!

எப்போது நிறுத்துவது? மேனியில் பொலிவு கூடி, அசைவு சுறுசுறுப்பாக இருக்கும்வரை தொடரலாம். அவை தளரத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். தொடங்குமுன்னும் முடித்தபின்னும் உடலைத் தேய்த்துவிட வேண்டும். நம் யூனானி ஹக்கீம்கள் 'ரியாஸத்' என்றும் 'தல்க்' என்றும் இன்றளவும் சொல்லிவருபவை இவைதாம். இவற்றில் பெரும்பகுதி கிரேக்க மருத்துவர் ஜாலினூஸிடமிருந்து வந்ததை மறைக்க வேண்டியதில்லை. இத்தனையும் எழுதிய அந்த மேதை தம் உடலைப் பேணத் தவறி, சூலை நோயால் வருந்தி, 1037இல் ஹமதானில் காலமானார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டொலிடோ நகரில் 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனாவின் ஜெரார்டு இந்நூலை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அது 17ஆம் நூற்றாண்டுவரை பாடமாக இருந்தது. ஆயினும் பயிற்சியால் நன்மை உண்டென்பது மருத்துவர்களின் அனுபவ வாக்காகவே இருந்ததேயன்றி, பல்லாயிரம் மனிதரை எண்ணிப் பார்த்து நிறுவப்பட்ட உண்மையாக இருக்கவில்லை.

அந்தப் பணியைச் செய்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெர்ரி மோரிஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாரடைப்பு பெருகிவந்த காலம் அது. லண்டன் நகரப் போக்குவரத்துத் தொழிலாளருள் 35 முதல் 64 வயதுவரையான ஏறத்தாழ 31,000 ஆண்களை அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். லண்டனின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்தே இருப்பார். நடத்துநரோ மேலும் கீழுமாக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள்வரை ஏறுவார். இருவரும் ஒரே வண்டியில், ஒரே தெருக்களில், ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள். 1953இல் 'லான்செட்' இதழ் முடிவை வெளியிட்டது. நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்திருந்தது. வந்தவர்களிலும் உடனே மாண்டவர் குறைவு. அஞ்சல் இலாகாவிலும், நடந்து தபால் விநியோகித்தவர்களுக்கும் உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாக்களுக்கும் இடையே இதே வேறுபாடு தென்பட்டது.

ஓட்டுநர்கள் முதலிலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் எழாமலில்லை. மோரிஸ் அதையும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுகளைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது உண்மையே. ஆனால் ஒல்லியானவரிலும் பருத்தவரிலும் நடத்துநருக்கே நோய் குறைவு என்று 1956இல் அவர் எழுதினார். அவ்வளவு எளிய ஒரு சான்று அவருக்குக் கைகொடுத்ததை நாம் மிகவும் ரசித்தோம்.

அந்த நடத்துநர்கள் எவரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துப் படியேறியவர்கள் அல்லர். பயணச்சீட்டுக் கொடுக்க ஏறினார்கள். மோரிஸோ அறிந்தே செய்தார். முதுமையிலும் பயிற்சியைக் கைவிடாத அவர், 2009இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

இதை எழுதும்போது எழுந்து சென்று நம் வீட்டு மாடிப்படிகளை எண்ணிப் பார்த்தோம். பதினெட்டு இருந்தன. அந்த நடத்துநரின் ஐந்நூறை எட்ட இருபத்தெட்டு முறை ஏற வேண்டும். அன்று மாலை மூன்று முறை ஏறினோம்.